எப்ப வந்தனீங்கள்

ஒட்டுசுட்டான் பிரதேச செயலகத்தில்
நடமாடும் சேவை. என் டோக்கன் அறுபத்திரண்டு.
படிவத்தில் ஏழாவது கேள்வி:
காணியில் எப்போதிருந்து குடியிருக்கிறீர்?
பேனை கையில் இருக்கிறது. ஆண்டு வரவில்லை.

எழுபத்தேழு என்று எழுதலாம்.
மாத்தளையில் லயம் எரிந்த கிழமை
அப்பா லொறியில் வந்திறங்கி
முதிரையடிக்குளத்துப் பற்றைக்குள் கத்தி வைத்தார்.
நான் பிறந்த எண்பத்தொன்றை எழுதலாம்.
செட்டிகுளம் முகாமிலிருந்து திரும்பி
கூரையில்லாத சுவருக்குள் பாம்பு விரட்டிய
இரண்டாயிரத்துப் பத்தை எழுதலாம்.
மூன்றும் உண்மை. பெட்டி ஒன்றுதான்.

கிணற்றடிக் காயாமரத்தின் கீழ்
உடைந்த தூணொன்று கிடக்கிறது.
ஆடு கட்ட வசதியாயிருந்தது.
போன மாசியில் தொல்பொருள் திணைக்களத்தார் வந்து
சுற்றிவரப் பதினாறு கல் நட்டார்கள்.
இரண்டாயிரம் வருடத்து விகாரையாம்.
பக்கத்துக் காணி வைரவநாதர் விடவில்லை.
"அது ஆதிச் சிவன்கோயில்.
எங்கட ஆக்கள் நாகர் காலத்திலயிருந்து இஞ்சைதான்."
கொடி பிடித்தோம். நானும்தான்,
வெயிலில், முன்வரிசையில்.
பிறகு நிழலில் சோடா குடிக்கும்போது
அவர் யாருக்கோ சொன்னது காதில் விழுந்தது:
"உது தோட்டக்காட்டுப் பிள்ளை. பாவம், வந்ததுகள்."

இதை நான் முன்பே வேறு பாஷையில் கேட்டிருக்கிறேன்.

ரமத் கானில் ஆறு வருடம்
வயலெட் கிழவியைக் குளிப்பாட்டிச் சோறூட்டினேன்.
பாக்தாத்தில் பிறந்த யூதப் பெண்.
தூக்கத்தில் அரபியில்தான் ஏசுவாள்.
மாங்காய் ஊறுகாயை அம்பா என்பாள்.
பம்பாயிலிருந்து பாக்தாத்துக்கு வந்ததாம்;
அதனிடம் மட்டும் எவரும் பெர்மிட் கேட்கவில்லை.

மருந்துக்கடை ரஷாத் ஞாயிறுகளில் குளிசை கொண்டுவருவான்.
அவன் தகப்பன் பிறந்த ஊரின் மேல்
இப்போது பைன் காடு, உல்லாசமாய் உண்ண மேசைகள்.

ஒருநாள் பேத்தி அமெரிக்காவிலிருந்து
துப்பிப் பார்க்கும் குழாயொன்று கொண்டுவந்தாள்.
கிழவியின் எச்சில் கடல் கடந்து போய்
வரைபடமாகத் திரும்பியது.
ரஷாத் பார்த்துவிட்டு,
"நான் துப்பினாலும் பாதி இந்த நிறம்தான் வரும்."
"அப்போ நீ எங்கள் ஆள்," என்றாள் வயலெட்.
"இல்லை. நீதான் எங்கள் ஆள்."
இருவரும் சிரித்தார்கள்.
சிரிப்பு முடிந்த இடத்தில் குளிரூட்டி மட்டும் இரைந்தது.

பாக்தாத்தில் எங்களைப்
பலஸ்தீனத்துக்குப் போ என்றுதான் துரத்தினார்கள் என்றாள்.
இங்கே எங்களை
பாக்தாத்துக்குப் போ என்கிறார்கள் என்றான்.
அவள் தன் கதிரையிலிருந்து சொன்னாள்.
அவன் வாசலில் நின்று சொன்னான்.
நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன்.
கேட்டிருந்தால்,
மாத்தளையில் இந்தியாவுக்குப் போ என்றதையும்
இங்கே வாய்க்கால் சண்டையில் தோட்டத்துக்குப் போ என்றதையும்
எந்தப் பாஷையில் சொல்வதென்று தெரியாமல்
தண்ணீரைத் திறந்துவிட்டபடி நின்றிருப்பேன்.
யாரும் கேட்கவில்லை.

வைரவநாதருக்கும் நான் சொல்லாதது ஒன்றுண்டு.
அம்மாவின் அடுப்பு மூன்று செங்கல்.
அப்பா கிணறு வெட்டியபோது
பத்தடியில் எடுத்தவை.
ஒவ்வொன்றும் சாதாரணக் கல்லுக்கு இரண்டு மடங்கு.
ஷெல்லடியில் வீடு போனது. அவை போகவில்லை.

நேற்றுத் திணைக்களத்துப் பெடியன் கெலும்
குசினிக்குள் எட்டிப் பார்த்தான்.
குந்தியிருந்து, விரலால் கரியைத் துடைத்தான்,
பிள்ளையின் முகம் துடைப்பதுபோல.
எத்தனை வருடமாய் இதில் சமைக்கிறீங்கள் அக்கா
என்று உடைந்த தமிழில் கேட்டான்.
உண்மையில் அறிய ஆசைப்பட்டுத்தான் கேட்டான்.
பிறகு வெள்ளைப் பெயின்றால் இலக்கமிட்டான்:
நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று.
வெள்ளிக்கிழமை லொறி வருமாம்.
அதுவரை தொடக்கூடாதாம்.

பிள்ளைகளுக்குப் பசி.
இரவு அவற்றின் மேலேயே உலை வைத்தேன்.
கஞ்சி பொங்கி வழிந்தது.
நாற்பத்திரண்டு முதலில் அழிந்தது.

அறுபத்திரண்டைக் கூப்பிடுகிறார்கள்.